உப்பும் பெயரும்

குடாநாட்டை வன்னியோடு இணைக்கும் ஆனையிறவில் 2025ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் உப்புத் தொழிற்சாலையொன்று திறக்கப்பெற்றது. அவ்வுப்புக்கு ‘ரஜ லுணு’ எனச் சிங்களப் பெயரிட்டனர். எதிர்ப்பு எழவே, ஊர்ப்பெயரையே சூட்டுதற்கு அரசு இணங்கிற்று.

பெயரில் யாதுளது என வினவுவாருமுளர். இறத்தல் என்பதற்குக் கடத்தல் என்னும் பொருளுமுண்டு. வன்னியர் ஒல்லாந்தருக்குத் திறையாக அளித்த யானைகள் கடலேறுதற்பொருட்டுக் குடாநாட்டுக்குக் கடந்த துறை இதுவே. வன்னியின் வரலாறும் வாணிகமும் அவ்வொரு சொல்லில் அடங்கியுள்ளன. ஆதலின் எதிர்த்தோர் செயல் தக்கதே.

எனினும் ஒரு குறை. முன்னாளில் ஆனையிறவு உப்பு, பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையிற் கோஸ்டிக் சோடாவாகவும் குளோரினாகவும் மாறிற்று; கூலியும் தொழிலறிவும் வன்னியிலேயே தங்கின. போர் இரண்டனையும் நிறுத்திற்று. உப்பளம் மீண்டது. பெயருக்காக எழுந்த குரல் பரந்தனுக்காக அத்துணை உரத்து எழவில்லை.