எழுவாயாகக் கப்பல் அமரும்போது

கப்பல்களின் பணி வரலாறு தனக்கென ஓர் இலக்கணம் கொண்ட எழுத்துவகை. அதில் ஏறக்குறைய எல்லா வாக்கியங்களுக்கும் கப்பலே எழுவாய். கப்பல் பணியில் சேர்ந்தது, போரிட்டது, சேதமுற்றது, பழுது நீங்கித் திரும்பியது, விற்கப்பட்டது. இந்த இலக்கணம் வரலாற்று மதிப்பீட்டையே திரித்துவிடும் என்பதற்கு அமெரிக்க உள்நாட்டுப் போரின் (1861–1865) இரண்டு ஆற்றுப் பீரங்கிக் கப்பல்கள் சான்றாகின்றன.

மிசிசிப்பி ஆற்றையும் அதன் துணையாறுகளையும் கைப்பற்றும் நோக்குடன், வட தரப்பு 1861 ஆகஸ்டில் ஜேம்ஸ் ஈட்ஸிடம் ஏழு இரும்புக் கவசக் கப்பல்களைக் கட்டும் ஒப்பந்தத்தை அளித்தது. ஒவ்வொன்றும் 175 அடி நீளம், பீரங்கிகள் 13. ஆழமற்ற ஆற்றிலும் செல்லும்படி, ஏறத்தாழ ஆறடி மட்டுமே நீரில் அமிழ்ந்தன. அவற்றுள் கெய்ரோ, மவுண்ட் சிட்டி என்னும் இரண்டும் இல்லினாய் மாநிலத்தில் ஒரே இடத்தில் கட்டப்பட்டவை.

கெய்ரோ 1862 ஜனவரியில் பணியில் சேர்ந்தது. மே 10 அன்று பிளம் பாயிண்ட் வளைவிலும் ஜூன் 6 அன்று மெம்பிஸிலும் போரிட்டது. டிசம்பர் 12 அன்று, விக்ஸ்பர்குக்கு வடக்கே யாசூ ஆற்றில் கண்ணிவெடிகளை அகற்றச் சென்றபோது, வெடிமருந்து நிரப்பிய கண்ணாடிக் குடுவைகளால் ஆன கண்ணிவெடிக்கு இரையாகி 12 நிமிடங்களில் மூழ்கியது. ஆனால் அதிலிருந்தவர்களில் ஒருவர்கூட இறக்கவில்லை.

மவுண்ட் சிட்டியின் கதை வேறு. பிளம் பாயிண்டில் எதிரிக் கப்பல் மோதி அமிழ்ந்த அது மீட்கப்பட்டுப் பணிக்குத் திரும்பியது. 1862 ஜூன் 17 அன்று, ஆர்கன்சாவின் ஒயிட் ஆற்றில் செயின்ட் சார்லஸ் அருகே, கரைப் பீரங்கியின் ஒற்றைக் குண்டு கவசத்தைத் துளைத்து நீராவிக் கலத்தை உடைத்தது. பீறிட்ட நீராவியில் வெந்தும், ஆற்றில் குதித்து மூழ்கியும், நீந்தும்போது கரையிலிருந்து சுடப்பட்டும் 100-க்கு மேற்பட்டோர் மாண்டனர். கப்பல் தலைவர் அகஸ்டஸ் கில்டி கடுமையாக வெந்து, பின்னர் ஒரு கையை இழந்தார். ஆனால் கப்பலின் பணி வரலாறு அங்கே நிற்பதில்லை. பழுதுபார்க்கப்பட்ட மவுண்ட் சிட்டி, 1864-இல் ரெட் ஆற்றுப் படையெடுப்பில் கலந்துகொண்டது. போர் முடிந்தபின் 1865-இல் விற்கப்பட்டது.

இவ்விரண்டில் துரதிர்ஷ்டக் கப்பல் எது? வரலாறு அப்பெயரைக் கெய்ரோவுக்கே சூட்டியது. 1956-இல் அதன் சிதைவைக் கண்டறிந்த குழுவில் ஒருவரான எட்வின் பேர்ஸ், 1966-இல் வெளியிட்ட நூலுக்கு இட்ட தலைப்பே 'ஹார்ட்லக் அயர்ன்கிளாட்'. ஓராண்டுக்குள் மூழ்கிய கப்பலின் கணக்கில் அது சரி. அதில் பணிபுரிந்தோரின் கணக்கில், உயிருடன் கரையேறிய அந்த நாளைவிட நல்ல நாள் வேறில்லை.

கப்பலின் வரலாறு கப்பலைப் பற்றித்தானே பேசும் என்ற மறுப்பு எழலாம். பெயர், அளவு, தேதி ஆகியவற்றை ஓரிடத்தில் தொகுக்கும் குறிப்பேட்டுக்கு அது பொருந்தும். ஆனால் குறிப்பேட்டின் வாக்கியம் ஆய்வேட்டின் வாக்கியமாக மாறும்போது சிக்கல் தொடங்குகிறது. 'மவுண்ட் சிட்டி பணிக்குத் திரும்பியது' என்ற தொடரில் திரும்பியவை மரமும் இரும்பும் பெயரும்தாம். ஜூன் 17-இல் மாண்டவர் எவரும் திரும்பவில்லை.

1964-இல் யாசூ ஆற்றிலிருந்து மேலேற்றப்பட்ட கெய்ரோ, இன்று விக்ஸ்பர்க் தேசிய இராணுவப் பூங்காவில் இருக்கிறது. சேற்றிலிருந்து கிடைத்த காலணிகளும் சீப்புகளும் உணவுப் பாத்திரங்களும் மருந்துக் குப்பிகளும் அருகிலுள்ள அருங்காட்சியகத்தில் உள்ளன. பணி வரலாறு சொல்லாத மனிதர்களை அப்பொருள்கள் சொல்கின்றன. அவற்றை விட்டுச் சென்றவர்கள் தப்பிப் பிழைத்தவர்கள் என்பதே அவற்றின் முதற்செய்தி.

ஆங்கில மரபு கப்பலைப் பெண்பாற் பெயரால் சுட்டும். அதனால் கப்பலே ஓர் ஆளாகத் தோன்றி, உள்ளிருக்கும் ஆட்களை மறைத்துவிடுகிறது. தமிழின் திணைப் பாகுபாடு அந்த வசதியைத் தருவதில்லை. 'போரிட்டது', 'திரும்பியது' என ஒவ்வொரு வினைமுற்றும் எழுவாய் அஃறிணை என்று அறிவித்துவிடுகிறது. தமிழில் போர் வரலாறு எழுதும் ஆய்வாளருக்கு இது கைவசமுள்ள எளிய சோதனை. ஒரு பக்கம் முழுவதும் வினைகள் '-து' என்றே முடிந்தால், அந்தப் பக்கத்தில் ஆட்கள் இல்லை. பணியாளர் பட்டியலையும் மருத்துவப் பதிவையும் தேடிச் சென்று அவர்களைக் கொண்டுவர வேண்டியது எழுதுபவரின் கடமை.