திண்ணைகள் எங்கே போயின?

(பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு)

“அந்தக் காலத்தில் நம் தெரு எப்படி இருந்தது தெரியுமா?” என்று வீட்டுப் பெரியவர்கள் பேச ஆரம்பித்தால், நாம் மெல்ல நழுவிவிடுவதே வழக்கம். சற்று நின்று கேட்டால், அவர்கள் பேச்சில் நாம் படிக்க வேண்டிய பாடம் ஒன்று இருப்பது விளங்கும். ஓட்டு வீடு, திண்ணை, முற்றம், கிணற்றடி, வேப்பமரம் என்று அவர்கள் அடுக்கிக்கொண்டே போகிறார்கள். நாமோ பதினைந்து வயதுப் பெண்கள். அவர்கள் சொல்பவற்றில் பலவற்றைப் படத்தில்தான் பார்த்திருக்கிறோம். கண்ணால் காணாத ஒன்றிற்காக நாம் ஏங்கலாமா? தாராளமாக ஏங்கலாம், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ஏங்கக் கூடாது என்பதே எங்கள் கருத்து.

முதலில் திண்ணையை எடுத்துக்கொள்வோம். வீட்டுக்கும் வீதிக்கும் நடுவே, வாசற்படியின் இருபுறமும் உயர்ந்து நின்ற மேடை அது. முதுகு சாய்வதற்குச் சுவரோரம் சரிவாகக் கட்டிய சாய்மானம் இருக்கும். மேலே ஓட்டுச் சாய்ப்பு. அதைத் தாங்க மரத்தூண்கள். சுவரில் விளக்கு வைக்க ஒரு மாடம். வெயிலில் நடந்து வந்த வழிப்போக்கர் யாரையும் கேளாமல் அங்கே அமர்ந்தார். மோர்க்காரி கூடையை இறக்கி வைத்து இளைப்பாறினாள். பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படித்த பள்ளிக்கே திண்ணைப் பள்ளிக்கூடம் என்றுதானே பெயர்! தனக்குச் சொந்தமான இடத்தில் நான்கு முழத்தை ஊராருக்காக விட்டுவைத்து வீடு கட்டிய மனம் எத்தகையது என்று எண்ணிப் பாருங்கள்.

உள்ளே போனால் ரேழி. அதைத் தாண்டினால் நடுவே வானம் பார்த்த முற்றம். சூடான காற்று முற்றத்தின் வழியே மேலே போக, வாசற்பக்கமிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். பகலில் விளக்கு வேண்டியதில்லை. மழை பெய்தால் நான்கு பக்கத்து ஓட்டுத் தண்ணீரும் முற்றத்தில்தான் விழும்; அண்டாவையும் குடத்தையும் வைத்துப் பிடித்துக்கொள்வார்கள். 2003-ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்புக் கட்டாயமாக்கப்பட்டது. பாட்டிமார் அண்டா வைத்துச் செய்த வேலையை நாம் சட்டம் போட்டுச் செய்ய வேண்டியதாயிற்று!

மாடி வீடுகளிலும் தனி அழகு இருந்தது. கட்டைக்குத்து என்றும் மெட்ராஸ் டெரஸ் என்றும் சொல்லப்படும் தளத்தில், நெருக்கமாகப் போட்ட மரக்கட்டைகளின்மேல் மெல்லிய செங்கற்களை நிறுத்திவைத்துச் சுண்ணாம்புச் சாந்தால் சாய்வாக அடுக்குவர். அதன்மேல் செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து, ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் அடித்து அடித்து இறுக்குவர். அதற்கும் மேலே தட்டோடு. சித்திரை வெயிலிலும் கீழே இருப்பவர்களுக்கு அனல் தெரியாது. தரைக்குச் செட்டிநாட்டில் ஆத்தங்குடிக் கற்கள் வந்தன. கண்ணாடியின்மேல் வண்ணக் கலவையை ஊற்றிப் பூ வரைந்து, சிமெண்டும் மணலும் சேர்த்துக் கையாலேயே செய்யப்படும் கற்கள் அவை. அத்தகைய தரையில் நடக்க நடக்கப் பளபளப்புக் கூடும் என்பார்கள்.

இன்று அதே மனையில் என்ன பார்க்கிறோம்? நான்கு மாடி அடுக்ககம். கீழ்த்தளம் முழுவதும் கார் நிறுத்துமிடம். மனிதர் அமர்ந்த இடத்தில் கார் நிழல் காய்கிறது! வாசலில் இரும்புக் கதவு. அதன் பக்கத்தில் ஒரு காமிரா. கடைகளோ கண்ணாடியால் முகத்தை மூடிக்கொண்டு, வெயிலை உள்ளே விட்டபின் அதை விரட்ட நாள் முழுவதும் மின்சாரத்தைச் செலவழிக்கின்றன. கையால் எழுதிய கடைப்பலகைகளும், ஓவியர்கள் சாரம் கட்டி நின்று வரைந்த சினிமா பானர்களும் போய், அச்சடித்த பிளக்ஸ் வந்துவிட்டது. திருநெல்வேலி வீதிக்கும் சேலத்து வீதிக்கும் சென்னை வீதிக்கும் முன்பு ஒவ்வொரு முகம் இருந்தது. இப்போது பேருந்தில் தூங்கி விழித்தால் எந்த ஊர் என்று பலகையைப் படித்துத்தான் அறிய வேண்டியிருக்கிறது.

‘எல்லாம் பணத்தாசை’ என்று ஒரு வரியில் பழி சொல்லிவிடலாம். அது நியாயமாகாது. ஒரு வீடு நான்கு பிள்ளைகளுக்குப் பங்காகும்போது திண்ணையை நான்காக வெட்ட முடியுமா? நல்ல மரத்தின் விலை ஏறிற்று. சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த கொத்தனார்கள் குறைந்துபோயினர். நாட்டு ஓட்டை அடிக்கடி பிரித்து மாற்ற வேண்டும். குரங்கு ஏறினாலும் உடையும், பூனை ஓடினாலும் நகரும். மழையில் ஒழுகும் கூரையின் கீழ்ப் பாத்திரம் வைத்து உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கான்கிரீட் தளம் ஒரு வரமாகவே தோன்றியிருக்கும். ஒழுகாத கூரையின் கீழ் அமர்ந்துகொண்டு, ஒழுகும் கூரையின் அழகை மட்டும் பாடுவது எளிது.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. பெண்களாகிய நாம் கேட்க வேண்டிய கேள்வி அது. அந்தத் திண்ணையில் நமக்கு இடம் இருந்ததா? திண்ணையில் அமர்ந்து ஊர்க்கதை பேசியவர்கள் பெரும்பாலும் ஆண்களே. பெண்கள் ரேழிக் கதவின் பின்னால் நின்று பேச்சைக் கேட்டார்கள். புகை மண்டிய அடுக்களை, இருண்ட இரண்டாங்கட்டு, மாதத்தில் மூன்று நாள் ஒதுங்கி இருந்த கொல்லைப்புறம் ஆகியவையே பல வீடுகளில் அவர்களுக்கு வாய்த்த இடங்கள். சாதியின் பெயரால் அந்தத் திண்ணையில் மட்டுமன்றி அந்தத் தெருவிலேயே கால் வைக்க விடப்படாதவர்களும் இருந்தார்கள். ‘எல்லாருக்கும் திண்ணை’ என்று நாம் புகழும்போது அந்த ‘எல்லாரில்’ யார் யார் சேர்த்தி என்று கேட்கத்தான் வேண்டும். அடுக்ககத்துச் சமையலறை சிறியதுதான். ஆனால் அதில் புகை இல்லை, கதவுக்குப் பின்னால் நிற்க வேண்டிய அவசியமும் இல்லை.

அப்படியானால் பழையது போனால் போகட்டும் என்று விட்டுவிடலாமா? கூடாது. பழைய வீட்டின் சுவர்களுக்குள் இருந்த கொடுமை வேறு; அதன் காற்றும் நிழலும் வேறு. கொடுமையை விட்டுக் காற்றையும் நிழலையும் எடுத்துக்கொள்ளலாம் அல்லவா? பதரைத் தூற்றும்போது நெல்லையும் சேர்த்து யாரும் கொட்டிவிடுவதில்லை.

மேலும், ‘நம் பழமை’ என்று நாம் சொல்லும் பலவும் ஒரு காலத்தில் புதுமையாக வந்தவையே. நம் தாழ்வாரங்களை அழகுசெய்யும் மங்களூர் ஓட்டைப் பாருங்கள். பாசல் மிஷனார் 1865-இல் மங்களூரில் தொழிற்சாலை அமைத்த பிறகே அது தென்னாடெங்கும் பரவியது. சென்னையில் 1895-இல் டிராம் வண்டி ஓடத் தொடங்கியபோது அது அதிசயம். 1953-இல் நின்றபோது அது ஏக்கம். 1959-இல் மவுண்ட் ரோட்டில் எல்.ஐ.சி. கட்டடம் எழுந்தபோது ஊர்விட்டு ஊர் வந்து, கழுத்து வலிக்க நிமிர்ந்து மாடிகளை எண்ணினார்கள். பதினாலு மாடிக் கட்டடம் என்றே அதற்குப் பெயராயிற்று. இன்று அதைவிட உயர்ந்தவை எத்தனையோ! ஆனால் ‘பழைய சென்னை’ என்றதும் பலர் மனத்தில் அதுவும் நிற்கிறது. ஆகவே பழமை, புதுமை என்ற சண்டை நமக்கு வேண்டாம். எது மனிதருக்கு உதவியது, எது உதவவில்லை என்று பார்ப்பதே முறை.

அவ்வாறு பாராமல் அழித்ததற்குத் தண்டனையும் பெற்றிருக்கிறோம். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று ஒரு சாலை இருக்கிறது. அங்கே நின்று எந்தப் பக்கம் பார்த்தாலும் ஏரி தெரியாது! ஒரு காலத்தில் நுங்கம்பாக்கம் முதல் மாம்பலம் வரை நீண்டு கிடந்த ஏரியை 1920-களில் தூர்த்துத் தியாகராய நகரை உருவாக்கினார்கள். மிச்சமிருந்த ஏரிப்பகுதி ஒன்றில் 1976-இல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. ஏரி போயிற்று; பெயர் மட்டும் தங்கிற்று. 2015 டிசம்பர் மழையில் மேற்கு மாம்பலத் தெருக்களில் வெள்ளம் நின்றதே! தண்ணீர் தன் பழைய முகவரியை மறக்கவில்லை, மறந்தவர்கள் நாம்தான்.

மூர் மார்க்கெட்டைக் கேள்விப்படாதவர் யார்? 1900-இல் திறக்கப்பட்ட அந்தச் செந்நிறக் கட்டடத்தில் பழைய புத்தகம் முதல் வளர்ப்புப் பறவைகள் வரை எல்லாம் கிடைத்தன. புதுப் புத்தகம் வாங்க வசதி இல்லாத எத்தனையோ மாணவர்கள் அங்கே வாங்கிப் படித்து முன்னேறினார்கள். 1985 மே மாதம் தீயில் அது அழிந்தது. அங்கே இப்போது இரயில்வே கட்டடம் நிற்கிறது. மூர் மார்க்கெட்டின் சிறிய மாதிரி உருவம் ஒன்றையும் அங்கே வைத்திருக்கிறார்கள். பெரிய கட்டடத்தை இழந்து பொம்மைக் கட்டடத்தைப் பார்ப்பது, பாட்டியை இழந்து படத்தைப் பார்ப்பது போன்றதே.

காப்பாற்றப்பட்டவையும் உண்டு என்பதை எண்ணி மகிழ்வோம். 1856-இல் திறக்கப்பட்ட இராயபுரம் இரயில் நிலையம் 2005-இல் பழுது பார்க்கப்பட்டு, தன் தூண்களோடு நிமிர்ந்து நிற்கிறது. மவுண்ட் ரோட்டில் 1897-ஆம் ஆண்டுப் பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடத்தை 2006-இல் இடிக்கத் தொடங்கியபோது வழக்குத் தொடுத்தார்கள், உயர்நீதிமன்றம் தடுத்தது. பழம்பெரும் கட்டடங்களைக் காப்பதற்கென்றே 2012-இல் தமிழ்நாட்டில் மரபுச் சின்ன ஆணையச் சட்டம் வந்தது.

எல்லாவற்றிலும் நம் நெஞ்சுக்கு நெருக்கமானது இராணி மேரிக் கல்லூரியின் கதை. 1914-இல், பெண்கள் கல்லூரிக்குப் போவதே அரிதாயிருந்த நாளில், கடற்கரையோரம் சென்னை நகரின் முதல் பெண்கள் கல்லூரியாக அது பிறந்தது. 2003-இல் அங்கே புதிய தலைமைச் செயலகம் கட்டத் திட்டமிட்டார்கள். மாணவியர் எழுந்து நின்று போராடினார்கள். திட்டம் கைவிடப்பட்டது, கல்லூரி அங்கேயே நிலைத்தது. அந்த அக்காமார் எதைக் காப்பாற்றினார்கள்? கல்லையும் சுண்ணாம்பையும் மட்டுமா? திண்ணையில் இடம் கிடைக்காத பெண்களுக்கு முதன்முதலில் நாற்காலி போட்ட வகுப்பறையைக் காப்பாற்றினார்கள். எந்தக் கட்டடத்துக்காக ஏங்கலாம் என்பதற்கு இதைவிடச் சிறந்த அளவுகோல் வேறு வேண்டுமோ?

இந்த அளவுகோலோடு நம் பள்ளியைப் பார்ப்போம். பழைய கட்டடத்தின் நீண்ட வராந்தாவும், சிவப்புச் சிமெண்டுத் தரையும், ஆளுயரச் சன்னல்களும் நாம் அனைவரும் அறிந்தவையே. அங்கே மின்சாரம் நின்றாலும் பாடம் நிற்பதில்லை. புதிய கட்டடத்தில் பகல் பன்னிரண்டு மணிக்கும் விளக்கு எரிய வேண்டியிருக்கிறது. பள்ளி வளர வளரப் புதிய வகுப்பறைகள் தேவைதான். அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆயினும் பணிவோடு மூன்று விண்ணப்பங்களை முன்வைக்கிறோம்.

முதலாவது, பழைய கட்டடத்தில் ஏதேனும் மாற்றம் செய்யும் முன் ஒவ்வோர் அறையையும் படம் எடுத்து, அளந்து வரைந்து, நூலகத்தில் வைக்க வேண்டும். அந்தப் பணியை நாங்களே செய்யத் தயார். இரண்டாவது, இனிக் கட்டும் கட்டடங்களில் வராந்தாவையும் காற்று வரும் சன்னலையும் மறக்கக் கூடாது. மூன்றாவது, பள்ளி விடும் நேரத்தில் வாசலைப் பாருங்கள். அம்மாமார், தாத்தாமார், தம்பி தங்கையரை இடுப்பில் சுமந்த ஆயாக்கள், ஆட்டோ அண்ணன்மார் எல்லாரும் மூன்றரை மணி வெயிலில் நின்றுகொண்டே காத்திருக்கிறார்கள். நம் மதிற்சுவரின் வெளிப்புறத்தில் நீளமாக ஒரு திண்ணை கட்டி, மேலே ஒரு சாய்ப்பு இறக்கினால் என்ன? அதில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். சாதி கேட்க வேண்டாம். ஆணா பெண்ணா என்று பார்க்க வேண்டாம். பழைய திண்ணை செய்யத் தவறியதைப் புதிய திண்ணை செய்யட்டுமே!

அன்புத் தோழியரே! இன்னும் பத்து ஆண்டுகளில் நம்மில் சிலர் பொறியாளராவோம். சிலர் கட்டடக் கலை படிப்போம். சிலர் மாநகராட்சி உறுப்பினராகவும் ஆகலாம். உள்ளாட்சி இடங்களில் பாதி இப்போது பெண்களுக்கென்றே ஒதுக்கப்பட்டுள்ளது அல்லவா? வீடு கட்டவும் வீதி அமைக்கவும் அதிகாரம் நம் கைக்கு வரும் நாள் தொலைவில் இல்லை. அதற்கு முன்பாக, இந்தக் கோடை விடுமுறையில் உங்கள் பாட்டியின் அருகே உட்காருங்கள். அவர் பிறந்த வீடு எப்படி இருந்தது என்று கேளுங்கள். எந்த இடத்தில் காற்று வந்தது, எந்த இடத்தில் அவர் உட்கார அனுமதி இல்லை என்று இரண்டையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நாளை நாம் கட்டப்போகும் வீடுகளுக்கு அதுவே வரைபடம்.