தைத்த தோள் தேறும் காலம்



நெசவுக்குப் பேர்பெற்ற நம் நாகல் நகரில், ஆண்டுக்கணக்காகத் தறியில் கையோட்டி உழைத்த பெரியவர்கள், "கையைத் தலைக்கு மேல் தூக்க இயலவில்லை; இரவில் அந்தப் பக்கம் சாய்ந்து படுக்கவும் முடியவில்லை" என்று வருந்தக் கேட்கிறோம். தோள்வலி யாவும் ஒன்றல்ல. சிலருக்கு மூட்டு இறுகியிருக்கும். நீரிழிவு உள்ளோரிடம் இது மிகுதி. வேறு சிலருக்கோ உள்ளே தசைநாண் கிழிந்திருக்கும். பின்னதைப் பற்றியே இத்திங்கள் பேசுவோம்.

தோட்பட்டை எலும்பினின்று புறப்படும் நான்கு தசைகள், மேற்கை எலும்பின் தலையைச் சட்டையின் கைப்பட்டி போலச் சூழ்ந்து பற்றியுள்ளன. அவற்றின் நாண்களையே மருத்துவர் ரொட்டேட்டர் கஃப் என்பர். கீழே விழுவதாலும் பெருஞ்சுமை தூக்குவதாலும் இவை கிழியலாம். வயது ஏற ஏறத் தாமே நைந்தும் கிழியலாம். இதைத் தைத்துச் சீர்செய்த விவரத்தை 1911-ஆம் ஆண்டிலேயே பாஸ்டன் நகர மருத்துவர் எர்னஸ்ட் காட்மன் வெளியிட்டார். இன்று சிறு துளைகள் வழியே கருவி செலுத்தியும் தைக்கின்றனர்.

கிழிந்தவர் அனைவருக்கும் அறுவை வேண்டுமோ? வேண்டியதில்லை. விபத்தின்றி நாண் முழுதும் கிழிந்த 452 பேருக்கு அமெரிக்காவில் முதலில் உடற்பயிற்சி மருத்துவம் அளித்தனர். ஈராண்டுக்குள் அறுவையை நாடியவர் நான்கில் ஒரு பங்கினருக்கும் குறைவே என 2013-இல் அறிவித்தனர். ஆனால் கீழே விழுந்தவுடன் கையைத் தூக்க இயலாமற் போயின், எண்ணெய் தடவிக்கொண்டு காலம் கடத்தாது மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும்.

அறுவைக்குப் பின் நடப்பது யாது? தையல் நாணை எலும்போடு சேர்த்துப் பிடித்திருக்கும், அவ்வளவே. ஒட்டவைப்பது உடலின் வேலை. பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் கை தூளியில் இருக்கும். பிறகு மெல்ல அசைவு. ஏறத்தாழ மூன்று திங்களுக்குப் பின் வலுவூட்டும் பயிற்சி. கடின உழைப்புக்கு ஆறு திங்களேனும் ஆகும். முழுத் தேர்ச்சிக்கு ஓராண்டும் செல்லலாம். நாண் ஒட்டுமுன்னரே வலி அடங்கிவிடுவதுண்டு. "வலிதான் இல்லையே" என்று தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் தையல் அறுந்துபோகக்கூடும்.

பெரும்பாலோர்க்கு வலி குறைந்து கைப்பயன் கூடுகிறது. எனினும் எல்லாத் தையலும் ஒட்டுவதில்லை. கிழிசல் பெரிதாயினும், வயது முதிர்ந்தாலும், நீரிழிவும் புகைப்பழக்கமும் இருந்தாலும் தோல்வி மிகுதி. பெருங்கிழிசல் தைக்கப்பெற்ற 18 பேரை ஆராய்ந்தபோது 17 பேருக்கு நாண் மீண்டும் பிரிந்திருந்ததாக 2004-இல் அமெரிக்க மருத்துவர்கள் எழுதினர். வியப்பு யாதெனில், ஓராண்டு முடிவில் அவர்களிற் பெரும்பாலோர் வலி தணிந்து நலமாகவே இருந்தனர். அடுத்த ஆண்டில் அப்பயன் சற்றுக் குறைந்தது. ஆகவே படத்தில் கிழிசல் தெரிவதனாலேயே எல்லாம் வீண் என்று மனமுடைய வேண்டாம். பயிற்சியைக் கைவிடவும் வேண்டாம்.

உழைக்கும் கை ஓய்ந்தால் அடுப்பும் தளரும் என்பதை அறிவோம். ஆதலால் அறுவைக்கு நாள் குறிக்கும் முன்பே, ஆறு திங்களுக்கு வீட்டுச் செலவை எவர் தாங்குவது, குளிக்கவும் உடுத்தவும் எவர் உதவுவது என்று குடும்பமாக அமர்ந்து பேசுங்கள். சர்க்கரையைக் கட்டுப்படுத்துங்கள், பீடியை விடுங்கள். காய்ச்சலோ, புண்ணில் சீழோ கண்டால் உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள். தைத்தவர் கைத்திறன் பாதி என்றால், வீட்டார் காட்டும் பொறுமை மறுபாதி.