பிள்ளை நிரலின் கடன்

பிள்ளையார்பாளையத்துக் கோர்வைத் தறியில் நெய்பவர் ஒருவர். கரை நாடாவை எறிய உதவியாள் ஒருவர். வாயிலில் நின்று 'நிறுத்துக' என்பார் குரல் இருவர் செவியிலும் விழும். யூனிக்ஸ் கணினியிலும் அங்ஙனமே. கண்ட்ரோல்-சி விசையை அழுத்துங்கால், சிக்இண்ட் என்னும் 2-ஆம் எண் குறிப்பு, கட்டளைத் தொடரை நடத்தும் ஷெல்லுக்கும் அஃது ஏவிய பிள்ளை நிரலுக்கும் ஒருங்கே செல்கின்றது. பாஷ் என்னும் ஷெல் உடனே மடியாது. பிள்ளையின் முடிவை நோக்கிக் காத்திருக்கும். பிள்ளை அக்குறிப்பாலேயே மடிந்ததாயின் தானும் மடியும். குறிப்பை ஏற்றும் பிள்ளை தானாக வெளியேறியதாயின், அவ்விசை பிள்ளையின் அலுவலுக்கே உரியதெனக் கொண்டு அடுத்த கட்டளைக்குச் செல்லும். (அவ்விசையை வேறு பணிக்குக் கொள்ளும் நிரல்களும் உளவன்றோ!)

ஓலைச்சுவடிப் படங்கள் நூற்றினைப் பிழையான அளவிற் சுருக்கத் தொடங்கிய தொடரொன்றை நிறுத்த யாம் ஒருநாள் முயன்றோம். அழுத்துந்தோறும் ஒரு படம் நின்றது. அடுத்த படம் கெட்டது. அன்று ஷெல்லையே வைதோம். அது தவறு. குறிப்பைப் பிடித்து, தற்காலிகக் கோப்புகளை அகற்றி, வெறுமனே 1 என்னும் எண்ணோடு வெளியேறிய பிள்ளை நிரலே குற்றமுடையது. 130 என்று எண்ணை மாற்றி உரைப்பினும் பாஷ் ஏமாறாது. மடிந்தது குறிப்பாலோ என்பதையே அது வினவும். துப்புரவு முடிந்தபின் குறிப்பின் இயல்பு நிலையை மீட்டு, அதனையே தனக்கு விடுத்து மடிதல் பிள்ளையின் கடன் என்பது எமது துணிபு. அதற்கு வேண்டுவன இரண்டே வரிகள்.