அபிவிருத்திச் சங்கத்துக்கு ஏன் கட்சி லிஸ்ட்?

கொஞ்சம் நீளமான பதிவு. கடைசி வரை வாசித்துவிட்டு ஏசுங்கள்.

பாடசாலை அபிவிருத்திச் சங்கப் பொதுக் கூட்டம் வருகிறது என்றால் எங்கள் பக்க ஊர்களில் இப்போது ஒரு புது வழக்கம். கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னர் வட்ஸ்அப்பில் ஒரு போஸ்டர் வரும். செயலாளர் பதவிக்கு எமது கட்சியின் ஆதரவு பெற்றவர் இன்னார், செயற்குழுவுக்கு இன்னின்னார், அனைவரும் காலை 9 மணிக்கு மண்டபத்துக்குச் சமூகமளிக்கவும். ஒரு கட்சி தன் ஆட்களைப் போராளிகள் என்கிறது, இன்னொன்று தோழர்கள் என்கிறது. வேலை ஒன்றுதான். கட்சிப் பெயர் எதையும் நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் கீழே வருகிற கொமண்ட் முழுக்க அந்தக் கட்சியைப் பற்றியதாகிவிடும், பாடசாலை மறந்துபோகும்.

விஷயம் தெரியாத இளம் பெற்றோருக்காகச் சொல்கிறேன். இந்தச் சங்கத்தின் தலைவர் அதிபர்தான். அது பதவி வழி வருவது, தெரிவு கிடையாது. பொருளாளர் ஆசிரியர்களில் ஒருவர். போட்டி வருவது செயலாளருக்கும் செயற்குழுவுக்கும். ஆசிரியர் நியமனமோ இடமாற்றமோ இவர்கள் கையில் இல்லை. சம்பளமும் இல்லை. அப்படியிருந்தும் ஏன் இந்த அடிபிடி?

முதல் காரணம் எல்லோருக்கும் தெரியும், யாரும் எழுதுவதில்லை. வகுப்பறைத் திருத்தம், மலசலகூடம், சுற்றுமதில் மாதிரியான சின்ன வேலைகளைச் சங்கமே ஒப்பந்தமாக எடுத்துச் செய்ய வழியிருக்கிறது. எம்பியின் ஒதுக்கீடு வந்தாலும் பல இடங்களில் சங்கத்தின் ஊடாகத்தான் வேலை நடக்கிறது. கல், மண், சீமெந்து யாரிடம் வாங்குவது, மேசன் யார் என்பதெல்லாம் அங்கே தீர்மானமாகிறது.

இரண்டாவது காரணம் 2018இல் வந்தது. அந்த வருடம் பெப்ரவரி 10ஆம் திகதி நடந்த உள்ளூராட்சித் தேர்தல்தான் வட்டார முறை கலந்து நடந்த முதல் தேர்தல். 60 வீதம் வட்டாரம், 40 வீதம் விகிதாசாரம். அதற்கு முன் ஊர் முழுக்க வாக்குச் சேர்த்தவர்களுக்கு, அதன் பிறகு ஒரு வட்டாரத்தின் சில நூறு வாக்குகளே உயிர்நாடி. ஒரு பாடசாலையில் 600 பிள்ளைகள் என்றால் எத்தனை குடும்பம் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். செயலாளர் என்ற பெயரில் அத்தனை வீட்டுத் தொலைபேசி இலக்கமும் ஒருவர் கைக்கு வருகிறது. 2025 மே 6ஆம் திகதித் தேர்தலுக்கு நின்றவர்களில் எத்தனை பேர் தங்கள் நோட்டிஸில் "பாடசாலை அபிவிருத்திச் சங்கச் செயலாளர்" என்று போட்டிருந்தார்கள் என்று உங்கள் ஊர் நோட்டிஸ்களை எடுத்துப் பாருங்கள். கிழக்கு மாகாண சபையின் காலம் 2017இல் முடிந்து இன்னும் தேர்தல் இல்லை. மாகாணப் பாடசாலைக்காக மாகாணத்தில் பேச மக்கள் தெரிவுசெய்த ஒருவரும் இல்லாத இடைவெளியில் ஆளாளுக்குப் பாடசாலைக்குள் இடம் பிடிக்கிறார்கள்.

இதனால் பாடசாலைக்கு என்ன நட்டம்? நான் கண்ணால் கண்ட ஒரு கூட்டத்தைச் சொல்கிறேன். எந்த ஊர் என்று கேட்க வேண்டாம்.

வழமையான பெற்றோர் கூட்டங்களுக்கு வருவது உம்மாமார்தான். வாப்பா கடையில், வயலில், கடலில், அல்லது கட்டாரில். பிள்ளைக்குக் கணித ஆசிரியர் இல்லை, தண்ணீர் டாங்கியில் பாசி, பெண் பிள்ளைகள் பகல் வரை மலசலகூடம் போகாமல் அடக்கிக்கொண்டு வீடு வருகிறார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். அன்று மண்டபத்தின் ஒரு பக்கம் அவர்கள் இருந்தார்கள். கணக்கறிக்கை வாசித்து முடியவில்லை, வாசலில் மோட்டார் சைக்கிள்கள் வந்து நின்றன. பழைய மாணவர், நலன்விரும்பி என்ற பெயரில் நாற்பது ஐம்பது இளைஞர்கள். பாதிப் பேருக்கு அந்தப் பாடசாலையில் பிள்ளையே இல்லை, சிலருக்குக் கலியாணமே ஆகவில்லை. முன்மொழிவு, வழிமொழிவு, கையை உயர்த்து. ஐந்து நிமிடத்தில் செயலாளர், அடுத்த ஐந்து நிமிடத்தில் செயற்குழு. அந்தப் பக்கத்திலிருந்து தோற்ற அணி கத்த, இந்தப் பக்கத்திலிருந்து வென்ற அணி தக்பீர் சொல்ல, ஒரு தாய் எழும்பி "மலசலகூடத்துக்கு வந்த காசு என்னாச்சு சேர்?" என்று கேட்டார். யார் காதிலும் விழவில்லை. அடுத்த வருடக் கூட்டத்துக்கு அந்தப் பக்கக் கதிரைகள் பாதி காலி.

எனக்கு இதில் பெரிய வருத்தம், வந்த இளைஞர்களில் சிலர் நான் படிப்பித்த பிள்ளைகள். கெட்டவர்கள் இல்லை. வெள்ளம் வந்தால் முதலில் தோணி எடுத்துக்கொண்டு வருகிறவர்கள், ஜனாஸா என்றால் கபுர் வெட்ட நிற்கிறவர்கள். தம்பிமாரே, அந்த உழைப்பைப் பாடசாலைக்கும் தாருங்கள். சிரமதானத்துக்கு வாருங்கள், விளையாட்டுப் போட்டிக்கு வாருங்கள். லிஸ்டோடு மட்டும் வராதீர்கள்.

இதற்கு ஒரு பதில் எப்போதும் வரும். "சேர், அரசியல் இல்லாமல் எது வந்தது?" உண்மை. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் மர்ஹூம் அஷ்ரபின் அரசியல் இல்லாமல் வந்திருக்காது. 1942இல் கல்முனையில் முஸ்லிம் கல்விச் சங்கத்தைத் தொடங்கிய ஏ.எம்.ஏ. அஸீஸ், பின்னர் கொழும்பு ஸாஹிராவின் அதிபராக இருந்தபோதே செனட்டராகவும் இருந்தவர். அரசியல் ஹராம் என்று நான் சொல்லவில்லை. கட்டடம் கொண்டுவாருங்கள், கல்லில் பெயரும் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அந்தக் கட்டடத்துக்கு எத்தனை மூட்டை சீமெந்து போனது என்று கேட்க வேண்டிய இடம் இந்தச் சங்கம்தான். காசு கொண்டுவந்தவரே அந்தக் காசைக் கணக்குப் பார்க்கும் ஆளையும் நியமித்தால், யார் யாரைக் கேட்பது? இன்னொன்று, கட்சி போட்ட செயலாளர் ஆசிரியர் பற்றாக்குறைக்கு வலயக் கல்வி அலுவலகத்துக்குக் கடிதம் எழுதுவதில்லை. எம்பியின் வீட்டுக்குப் போவார். எம்பி எதிர்க்கட்சிக்குப் போய்விட்டால் வாசல் அடைபடும், பாடசாலைக்கும் "அந்தக் கட்சிப் பள்ளிக்கூடம்" என்ற பெயர் ஒட்டிவிடும். ஆட்சி மாறினாலும் பிள்ளைகள் அதே வகுப்பில்தான் இருக்கிறார்கள்.

இது நம் ஊரில் மட்டும் உள்ள சண்டை என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் பாடசாலைச் சபைகளுக்கு மக்கள் வாக்குப் போட்டே உறுப்பினர்களைத் தெரிகிறார்கள். பெரும்பாலான இடங்களில் வாக்குச் சீட்டில் கட்சிப் பெயர் இருக்காது. புளோரிடா மாநிலத்தில் 1998இல் அப்படித் தீர்மானித்தார்கள். அண்மைக் காலத்தில் ஆளுநரே இந்தத் தேர்தலில் வேட்பாளர்களுக்குப் பகிரங்கமாக ஆதரவு கொடுக்கிற நிலை வந்தது. கட்சிப் பெயரைத் திரும்பவும் சீட்டில் போடலாமா என்று 2024 நவம்பரில் மக்களிடம் கேட்டார்கள். 60 வீதம் தேவைப்பட்டது, 55 வீதமளவில் நின்றுவிட்டது. போட வேண்டும் என்றவர்களின் வாதத்தையும் நான் அலட்சியம் செய்யமாட்டேன். ஒளித்து வைப்பதைவிட வெளியே தெரிவது நேர்மை என்றார்கள். அதில் நியாயம் இருக்கிறது. நம்மிடம் நடப்பது அதுவும் இல்லை. போஸ்டரில் கட்சி, கூட்டத்தில் "சமூக சேவையாளர்".

அதனால் என் கோரிக்கை சின்னது. கட்சிக்காரரான ஒரு வாப்பா செயற்குழுவுக்கு வரக்கூடாது என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை, அவருக்கும் பிள்ளை இருக்கிறது. வரட்டும், பெற்றாராக வரட்டும், கட்சியில் என்ன பதவி என்பதைக் கூட்டத்தில் வாயால் சொல்லட்டும். பிரதேச சபையிலோ நகர சபையிலோ உறுப்பினராக இருப்பவர் செயலாளர் பதவிக்கு நிற்காமல் விடுவது நல்லது. கட்சிகள் போஸ்டர் போடுவதை நிறுத்த வேண்டும். கையை உயர்த்துவதை விட்டுவிட்டுத் துண்டுச் சீட்டில் எழுதி வாக்குப் போட வேண்டும். மச்சானுக்கும் மாமாவுக்கும் முன்னால் எந்தத் தாய் எதிர்த்துக் கை உயர்த்துவார்? பழைய மாணவர்களுக்குத் தனிச் சங்கம் இருக்கிறது, பலத்தை அங்கே காட்டலாம். பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைகள் நினைத்தால் எல்லாக் கட்சியையும் ஓரிடத்தில் உட்கார வைத்து இதைப் பேசி முடிக்கலாம்.

எங்கள் பாடசாலையின் கூட்டம் அடுத்த மாதம். கணக்கறிக்கையை ஒரு கிழமைக்கு முன்னரே வகுப்பு வட்ஸ்அப் குழுமங்களில் போடும்படியும், தெரிவுக்கு முன்னர் அதைப் பற்றிய கேள்விகளுக்கு அரை மணித்தியாலம் ஒதுக்கும்படியும் அதிபரிடம் கேட்டிருக்கிறேன். பார்ப்போம் என்றிருக்கிறார். உம்மாமார் கேள்வியைத் தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். வாசிக்கக் கூச்சமாக இருந்தால் என்னிடம் தாருங்கள், இன்ஷா அல்லாஹ் நான் எழும்பி வாசிக்கிறேன்.