ஓடை வாயில் நிற்கிறவர்கள்

மன்னார் வளைகுடாவைக் காப்பாற்ற வேண்டும் என்று இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். 21 தீவுகள். 1986-இல் கடல் தேசியப் பூங்கா, 1989-இல் உயிர்க்கோளக் காப்பகம். தூத்துக்குடிக்கு எதிரே வான் தீவு கரைந்துகொண்டே போகுதென்று சிமெண்டில் செயற்கைத் திட்டுகள் செய்து கடலில் இறக்கினார்கள். செய்யட்டும். திட்டு இருந்தால்தான் அலை உடையும், மீன் ஒதுங்கும். ஆனால் தீவு ஏன் கரைந்தது என்று கேட்டால், பவளக்கல்லை உடைத்து எடுத்தவர்களால் என்கிறார்கள். உடைத்தவன் கூலிக்காரன். அந்தக் கல் சுண்ணாம்புக் காளவாசலுக்கும் கார்பைடு ஆலைக்கும் போனது. உடைத்தவன் கை மட்டும் உங்க கண்ணுக்குத் தெரியுது, வாங்கினவன் கை ஏன் தெரியல?

இன்னொன்று. மீனின் வீடு தீவில்தான் தொடங்குகிறது என்று யார் சொன்னது? தாமிரபரணி வடகால் தண்ணீர் கடைசியில் கோரம்பள்ளம் குளத்துக்கு வரும். குளம் நிறைந்தால் உப்பாற்று ஓடை வழியே கடலுக்குப் போகும். நல்ல தண்ணியும் உப்புத் தண்ணியும் கலக்கிற இப்படிப்பட்ட சேற்றில்தான் இறால் குஞ்சும் மடவைக் குஞ்சும் வளர்ந்து கடலுக்குப் போகின்றன. இதை எங்க சனத்துக்கு எந்த விஞ்ஞானியும் வந்து சொல்லித் தரவில்லை. என் அம்மா உப்பளத்துக் கூலி. மழை மாசத்தில் உப்பளத்தில் வேலை கிடையாது. அப்போது சேரிப் பெண்கள் இடுப்பளவு தண்ணியில் இறங்கி, கையாலேயே தடவி இறால் பிடிப்பார்கள். அதுதான் அன்றைக்கு உலை.

அந்த ஓடைக்குச் சட்டம் என்ன செய்தது? 1991 கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை கடலோரத்தில் 500 மீட்டரையும், அலை ஏறி இறங்கும் ஓடைகளின் கரையில் 100 மீட்டரையும் தன் வரம்புக்குள் வைத்தது. ஓடையின் அகலம் அதைவிடக் குறைவென்றால் அந்த அகலம். 2019-இல் அந்த நூறை ஐம்பதாக்கினார்கள். மீன் குஞ்சு பாதியாகச் சுருங்கிக்கொண்டதா? 2018 ஏப்ரலில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஸ்டெர்லைட்டுக்கு அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தபோது சொன்ன காரணங்களில் ஒன்று, உப்பாற்றங்கரையில் கொட்டிய தாமிரக் கசடை அள்ளவில்லை என்பது. அடுத்த மாதம் 13 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். துறைமுகத்துப் பக்கம் அனல் மின் நிலையச் சாம்பல் வருஷக்கணக்காகக் கடலோரத்தில் படிந்தது. சாம்பல் மூடினால் கடற்புல் மூச்சு முட்டிச் சாகும், அதில் மேயும் குஞ்சும் போகும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை. கோரம்பள்ளம் குளம் உடைந்தது. தண்ணி தன் பழைய பாதையைத் தேடி ஊருக்குள் வந்தது.

அறிவிக்கையில் மீனவர் பெயர் உண்டு. எங்களுக்கு? 'பிற உள்ளூர்ச் சமூகங்கள்' என்று ஒரு மூட்டை கட்டி வைத்திருக்கிறார்கள். படகும் வலையும் உள்ளவனுக்குச் சங்கம் இருக்கு, அட்டை இருக்கு. வெறுங்கையால் பிடிக்கிறவள் மீனவள் இல்லையாம். கடல்சார் சாதி என்று எழுதிவைத்த பட்டியலில் சேரி வராதாம். முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றுபோச்சு, ஊருக்கு இன்னும் முத்துநகர் என்று பெயர். உப்பு இன்றைக்கும் விளைகிறது. அதை வாருகிறவளின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை.

கரையைக் காக்க வருகிற தோழர்களுக்கும் இதைச் சொல்கிறேன். ஓடைக் கரைக்கு அந்த 100 மீட்டரைத் திரும்பக் கேளுங்கள். ஓடை வாயில் இறங்கிப் பிடிக்கிறவர்களை முதலில் எண்ணுங்கள். கருத்துக் கேட்புக் கூட்டத்தைப் பகல் பதினோரு மணிக்குக் கலெக்டர் ஆபீசில் வைக்காதீர்கள். விடியுமுன்னே உப்பளத்துக்குப் போகிறவள் எப்படி வருவாள்? சாயங்காலம், எங்க தெருவில், தமிழில் வையுங்கள். வரைபடத்தைக் கொண்டு வாருங்கள். ஓடை எங்கே ஓடியது என்று அவளே விரல் வைத்துக் காட்டுவாள்.