திரையில் வரும் ஹேக்கர்கள்: என் மதிப்பெண் பட்டியல்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "எங்கோ உட்கார்ந்துகொண்டு யாரோ ஒருவன் என் கம்ப்யூட்டருக்குள் புகுந்துவிடுவானாமே, உண்மையா?" இந்தப் பயத்தை நமக்குக் கற்றுத் தந்தது பெரும்பாலும் சினிமாதான். இருட்டு அறை, கறுப்புத் திரையில் ஓடும் பச்சை எழுத்துகள், கீ போர்டில் பறக்கும் விரல்கள். பத்தே நொடியில் பாஸ்வேர்ட் உடைந்து, உலகத்தின் எந்த பேங்க்கும் திறந்துகொள்ளும்.

அண்மையில் சில வாரங்களாகக் கம்ப்யூட்டருக்கு முக்கிய வேடம் தந்த படங்களாகத் தேர்ந்தெடுத்துப் பார்த்து வந்தேன். சில படங்கள் எனக்கு இரண்டாவது, மூன்றாவது முறை. ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பெண்கள் போட்டேன். முதலாவது படத்திற்கு, இரண்டாவது அதில் வரும் கம்ப்யூட்டர் எந்த அளவிற்கு உண்மையானது என்பதற்கு. இரண்டும் பத்துக்குத்தான். இவை என் சொந்த ரசனையில் போட்டவை. உங்களுக்கு வேறு மாதிரித் தோன்றினால் அதுவும் சரியே.

எல்லாம் பார்த்து முடித்தபோது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. கம்ப்யூட்டருக்கு நான் அதிக மதிப்பெண் தந்த படங்களில் பூட்டை யாரும் மந்திரம் போட்டு உடைக்கவில்லை. சாவி யாரோ ஒருவரால் வெளியே வைக்கப்பட்டிருந்தது. வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான். இனி படங்களுக்கு வருவோம். முடிவுகளைச் சொல்லிச் சுவாரஸ்யத்தைக் கெடுக்க மாட்டேன்.

வார் கேம்ஸ் (1983) - படம் 8, கம்ப்யூட்டர் 9

ஜான் பாதம் இயக்கிய படம். டேவிட் என்ற பள்ளி மாணவன் தன் வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து போன் லைன் வழியாகப் பள்ளியின் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து மார்க்கைத் திருத்துகிறான். பாஸ்வேர்ட் எப்படிக் கிடைத்தது? பள்ளி அலுவலகத்தில் பாஸ்வேர்டுகளை எழுதி வைத்திருக்கும் தாளைப் பார்த்துவிடுகிறான். பழையவை வரிசையாக அடிக்கப்பட்டிருக்கின்றன. அடிக்கப்படாமல் கடைசியில் இருப்பதுதான் இப்போதைய பாஸ்வேர்ட். அவ்வளவுதான் ஹேக்கிங்! பின்னர் அமெரிக்க ராணுவக் கம்ப்யூட்டருக்குள் அவன் நுழையும் வழியும் இதைப் போன்றதே. அதை உருவாக்கிய விஞ்ஞானி, இறந்துபோன தன் மகனின் பெயரையே பாஸ்வேர்டாக வைத்திருக்கிறார்.

இந்தப் படத்திற்கு ஒரு வரலாறும் உண்டு. அன்றைய அமெரிக்க அதிபர் ரொனால்ட் ரீகன் 1983 ஜூன் மாதம் இதைப் பார்த்தார். இப்படியெல்லாம் உண்மையில் நடக்குமா என்று தன் ராணுவத் தலைமைத் தளபதியிடம் கேட்டார். விசாரித்தபின் வந்த பதில், நிலைமை நினைப்பதைவிட மோசம் என்பது. அடுத்த ஆண்டு, 1984 செப்டம்பரில், அரசுக் கம்ப்யூட்டர்களின் பாதுகாப்பு குறித்த உத்தரவு ஒன்றில் ரீகன் கையெழுத்திட்டார்.

ஒரு மதிப்பெண்ணை ஏன் குறைத்தேன்? டேவிட்டின் அறையில் இருக்கும் குரல் கருவி வழியாகப் பேசும் அந்தக் கம்ப்யூட்டர், அந்தக் கருவியே இல்லாத ராணுவ மையத்திலும் அதே குரலில் பேசுகிறது.

விக்ரம் (1986) - படம் 6, கம்ப்யூட்டர் 4

2022ல் வந்த படம் இல்லை; கமல்ஹாசன் நடித்த பழைய விக்ரம். எழுத்தாளர் சுஜாதாவின் கைவண்ணம். அவர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்து, எலெக்ட்ரானிக் வாக்குப் பதிவு இயந்திரத்தை உருவாக்கும் பணியிலும் பங்கு பெற்றவர். கடத்தப்பட்ட ஏவுகணை, அதைச் செயலிழக்கச் செய்யத் தெரிந்த கம்ப்யூட்டர் நிபுணராக ஒரு பெண் என்று கதை போகிறது. நம் ஊரில் பெரும்பாலானவர்கள் கம்ப்யூட்டரைக் கண்ணால்கூடப் பார்த்திராத காலத்தில், அதை இயக்கும் நிபுணராக ஒரு பெண்ணைக் காட்டியதற்கே பாராட்டலாம். ஆனால் கம்ப்யூட்டர் என்ன செய்கிறது, எப்படிச் செய்கிறது என்று படம் பார்ப்பவருக்குப் புரியாது. மந்திரவாதியின் பெட்டி போலத்தான் வந்து போகிறது. மதிப்பெண் குறைந்ததற்கு அதுதான் காரணம்.

ஜுராசிக் பார்க் (1993) - படம் 9, கம்ப்யூட்டர் 7

டைனோசர் படத்தில் கம்ப்யூட்டர் எங்கே வந்தது என்கிறீர்களா? பூங்காவின் வேலிகள், கதவுகள் எல்லாமே கம்ப்யூட்டரின் கட்டுப்பாட்டில்தான். அதற்கு புரோகிராம் எழுதியவர் பணத்தாசையில் அனைத்தையும் நிறுத்திவிட்டுப் போகிறார். அவர் அமைத்ததை வேறு யாராலும் திறக்க முடியவில்லை. பின்னர் ஒரு சிறுமி கம்ப்யூட்டர் முன் அமர்ந்து, கட்டடங்கள் போல முப்பரிமாணத்தில் பைல்களைக் காட்டும் திரையில் பறந்து பறந்து தேடுவாள். இது சுத்தக் கற்பனை என்று கேலி செய்தவர்கள் உண்டு. ஆனால் அது சிலிக்கான் கிராபிக்ஸ் நிறுவனம் உருவாக்கிய உண்மையான புரோகிராம். பைல்களைத் தேட அது அவ்வளவு வசதியானதல்ல, அவ்வளவே.

வீட்டுக்கான பாடம்: எல்லா பாஸ்வேர்டுகளும் ஒரே ஒருவர் தலைக்குள் மட்டும் இருக்கக் கூடாது. வீட்டில் நம்பிக்கையான இன்னொருவருக்கும் அவை எங்கே பத்திரமாக இருக்கின்றன என்று தெரிந்திருக்க வேண்டும்.

தி நெட் (1995) - படம் 5, கம்ப்யூட்டர் 6

சாண்ட்ரா புல்லக் நடித்தது. வீட்டிலிருந்தே வேலை செய்யும், பீட்சாவைக்கூட நெட்டில் ஆர்டர் செய்யும் பெண். ஒரு பிளாப்பி அவர் கைக்கு வருகிறது. அவருடைய பெயர், ஆவணங்கள் எல்லாம் மாற்றப்பட்டு, வேறொரு பெயரில் குற்றவாளியாகிவிடுகிறார். துரத்தல் காட்சிகளில் இழுவை அதிகம். ஆனால் பீட்சா ஆர்டர் கற்பனையல்ல. பீட்சா ஹட் நிறுவனம் 1994லேயே அமெரிக்காவின் சாண்டா குரூஸ் நகரில் இதைத் தொடங்கிவிட்டது. ஒருவரின் அடையாளமே கம்ப்யூட்டரில் உள்ள சில வரிகளாகிவிட்டது என்ற பயத்தை அப்போதே தொட்டதற்காக ஆறு மதிப்பெண்.

இன்டிபென்டன்ஸ் டே (1996) - படம் 6, கம்ப்யூட்டர் 1

ஒரு லேப்டாப்பிலிருந்து வேற்றுக்கிரக விண்கலத்திற்கு வைரஸ் அனுப்புகிறார்கள். வேலையும் செய்கிறது! நம் வீட்டில் புது பிரிண்டர் வாங்கினால் டிரைவர் இன்ஸ்டால் செய்யவே அரை நாள் ஆகிறது. ஒரு மதிப்பெண் அந்தத் துணிச்சலுக்கு.

யூ ஹாவ் காட் மெயில் (1998) - படம் 7, கம்ப்யூட்டர் 8

டாம் ஹாங்க்ஸ், மெக் ரையான். முகம் தெரியாமல் இமெயிலில் நண்பர்களாகும் இருவர், நேரில் ஒருவருக்கொருவர் தொழில் எதிரிகள். டயல் அப் இணைப்பு கிர்ரென்று கூவி இணையும் அந்த ஒலியைக் கேட்கவே இதைப் பார்க்கலாம். படத்தில் வரும் ஏஓஎல் நிறுவனம் தன் டயல் அப் சேவையை 2025 செப்டம்பர் 30 அன்று நிறுத்திவிட்டது.

ஒரு எச்சரிக்கை. படத்தில் மறுமுனையில் இருப்பவர் டாம் ஹாங்க்ஸ். நமக்கு வரும் நட்பு அழைப்புகளின் மறுமுனையில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. பழகிய சில நாட்களில் பணம் பற்றிய பேச்சு வந்தால், கதை வேறு பக்கம் போகிறது என்று உஷாராகிவிடுங்கள்.

மேட்ரிக்ஸ் ரீலோடட் (2003) - படம் 6, கம்ப்யூட்டர் 9

முதல் மேட்ரிக்ஸ் அளவிற்கு இல்லை. சண்டைகள் நீளம், பேச்சு அதைவிட நீளம். ஆனால் ஒரு மின் நிலையத்தின் கம்ப்யூட்டருக்குள் டிரினிட்டி நுழையும் சில நொடிகளுக்காக ஒன்பது மதிப்பெண் தந்தேன். அவர் பயன்படுத்துவது என்மேப் என்ற உண்மையான புரோகிராம். நெட்வொர்க்கில் எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று பார்க்க நிர்வாகிகள் இன்றும் பயன்படுத்துவது. அவர் நுழையும் ஓட்டையும் உண்மையானது. 2001லேயே கண்டுபிடிக்கப்பட்டு, சரி செய்யும் வழியும் வெளியிடப்பட்டது. அந்த மின் நிலையத்தில் யாரும் அப்டேட் செய்யவில்லை! விண்டோஸ் அப்டேட் கேட்கும்போதெல்லாம் "பிறகு பார்க்கலாம்" என்று தள்ளிப் போடுபவர்கள் இந்தக் காட்சியை இரண்டு முறை பார்க்க வேண்டும்.

இரும்புத்திரை (2018) - படம் 7, கம்ப்யூட்டர் 8

பி.எஸ். மித்ரனின் முதல் படம். விஷால் ஒரு ராணுவ அதிகாரி. கடன் கிடைக்காததால் ஏஜென்ட் ஒருவர் வழியாகப் பொய்யான ஆவணங்கள் கொடுத்து பேங்க்கில் கடன் வாங்குகிறார். வந்த பணம் அக்கவுண்டிலிருந்து மாயமாகிறது. முறையற்ற வழியில் வாங்கியதால் புகார் கொடுக்கவும் தயக்கம். பின்பாதியில் அர்ஜுன் செய்யும் சில வித்தைகள் மிகை. ஆனால் முன்பாதி அப்படியே நம் தெருவில் நடப்பது. ஆதார் நகல், பான் கார்டு நகல், கையெழுத்துப் போட்ட காசோலை என்று எத்தனை பேரிடம் கொடுத்திருக்கிறோம்? நான் பார்த்த தமிழ்ப் படங்களில், பார்ப்பவரை வீட்டிற்கு வந்ததும் தன் போனை ஒரு முறை சந்தேகமாகப் பார்க்கவைத்த படம் இதுதான்.

சர்ச்சிங் (2018) - படம் 9, கம்ப்யூட்டர் 10

என் பட்டியலில் முதலிடம் இதற்குத்தான். அனீஷ் சாகந்தி இயக்கியது. காணாமல் போன மகளைத் தந்தை தேடுகிறார். முழுப் படமும் கம்ப்யூட்டர், போன் போன்ற திரைகளிலேயே நடக்கிறது. தொடக்கத்தில் பழைய விண்டோஸ் எக்ஸ்பி திரை. குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனி யூசர் அக்கவுண்ட் உருவாக்குகிறார்கள். நோயுற்ற அம்மா மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாளை மகள் காலண்டரில் குறித்திருக்கிறாள். அந்தக் குறிப்பு தள்ளித் தள்ளிப் போகிறது. கடைசியில் டெலிட் செய்யப்படுகிறது. வசனம் எதுவும் இல்லை. ஒரு மவுஸ் அம்புக்குறி நம் கண்ணை நனைக்க முடியும் என்று நான் நினைத்ததில்லை.

மகளின் அக்கவுண்டுகளை அந்தத் தந்தை எப்படித் திறக்கிறார்? "பாஸ்வேர்ட் மறந்துவிட்டதா?" என்ற வரியில் கிளிக் செய்து, ஓர் அக்கவுண்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவித்தான். அவர் மகளைக் காக்கச் செய்தார். அதையே திருடனும் செய்யலாம். உங்கள் இமெயில் ஒன்று திறந்தால் மற்ற எல்லாமே திறக்கும். எனவே இமெயிலுக்கு மட்டுமாவது வேறு எங்கும் பயன்படுத்தாத, நீளமான பாஸ்வேர்ட் வையுங்கள். பாஸ்வேர்டுடன் போனுக்கு வரும் எண்ணையும் கேட்கும் இரண்டடுக்குப் பாதுகாப்பையும் இயக்கிவிடுங்கள்.

படங்கள் சொல்லும் பொய்களில் ஒன்று

பல படங்களில் போலீஸ்காரர் மங்கலான போட்டோ ஒன்றைப் பெரிதாக்கச் சொல்வார். கார் நம்பர் பளிச்சென்று தெரியும். போட்டோ என்பது பிக்ஸல் என்னும் சின்னஞ்சிறு புள்ளிகளின் தொகுப்பு. அதில் பதிவாகாத விவரத்தைப் பெரிதாக்கி வெளியே எடுக்க முடியாது. இப்போது வரும் ஏஐ புரோகிராம்கள் படத்தைத் தெளிவாக்கித் தருகின்றனவே என்பீர்கள். அவை இல்லாத விவரத்தை ஊகித்து நிரப்புகின்றன. தாத்தாவின் பழைய போட்டோவை அழகாக்க அது போதும்; ஒருவரை அடையாளம் காட்டப் போதாது.

இந்தப் படங்களை எங்கே பார்ப்பது?

முறையான டிவிடி அல்லது கட்டணச் சேவை வழியாகப் பாருங்கள். "புதுப் படம் இலவசம்" என்று அழைக்கும் தளங்களிலிருந்து டவுன்லோட் செய்யும் பைல் படமாகவே இருக்க வேண்டியதில்லை. விண்டோஸ் வழக்கமாகப் பைல் பெயரின் கடைசிப் பகுதியான எக்ஸ்டென்ஷனை மறைத்து வைக்கும். இதனால் எம்பி4 என்று தெரியும் பைலின் உண்மையான முடிவு இஎக்ஸ்இ ஆக இருக்கலாம். அது ஒரு புரோகிராம். கிளிக் செய்தால் இயங்கிவிடும். விண்டோஸ் 11ல் பைல் எக்ஸ்புளோரரைத் திறந்து, வியூ, பின்னர் ஷோ, அதில் பைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதைத் தேர்ந்தெடுத்தால் முழுப் பெயரும் தெரியும். ஒரே நிமிட வேலை. இன்றே செய்துவிடுங்கள்.

நிஜ வில்லன்

சினிமா ஹேக்கருக்கு நாம் பயப்படுகிறோம். ஆனால் பேங்க்கிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஓடிபி கேட்பவரிடம் மரியாதையாக எண்ணை வாசித்துக் காட்டுகிறோம். போலீஸ் உடையில் வீடியோ காலில் வந்து "டிஜிட்டல் கைது" என்று மிரட்டுபவரை நம்பிப் பணம் அனுப்புகிறோம். அப்படி ஒரு கைது இந்தியச் சட்டத்தில் கிடையாது. இவர்களுக்குப் பச்சை எழுத்து ஓடும் திரை தேவையில்லை. ஒரு போனும் நம் பதற்றமும் போதும். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை முடக்கி மீட்க அவ்வளவு வாய்ப்பு உண்டு.

விடுமுறையில் பிள்ளைகளுடன் வார் கேம்ஸ் பாருங்கள். பெரியவர்கள் சர்ச்சிங் பாருங்கள். படம் முடிந்ததும் ஒரே ஒரு கேள்வியைப் பேசுங்கள்: உள்ளே வந்தவனுக்குச் சாவி எங்கிருந்து கிடைத்தது? அந்தப் பேச்சிலேயே உங்கள் வீட்டுச் சாவி எங்கே கிடக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.